அடியொலி

பிலோமினா கேட்டது ஒரு கட்டு முளைக்கீரை. அதற்குக் கீரைக்காரி, "உனக்கெல்லாம் கிடையாது, போ" என்றாள்.

சாலிகிராமத்தில் பதினான்கு வருடமாக அந்தத் தள்ளுவண்டியில்தான் அவள் கீரை வாங்குகிறாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நினைத்து, "ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கீரைக்காரியின் முகம் இறுகியது. கீரை மேல் தெளிப்பதற்காக வைத்திருந்த தண்ணீர் டப்பாவை எடுத்து பிலோமினாவின் காலடியில் விசிறிக் கொட்டினாள்.

"வாயை மூடிட்டுப் போயிடு. காலங்காத்தால உன் குரலைக் கேட்டாலே வயித்தைப் பிரட்டுது."

நனைந்த செருப்போடு வீட்டுக்கு நடந்து வரும்போது பிலோமினாவுக்கு அழுகை வரவில்லை. பழகிப்போயிருந்தது. அந்த மாதத்தில் மட்டும் அது ஐந்தாவது சம்பவம். ஆட்டோக்காரர் ஒருவர் வழியிலேயே இறக்கிவிட்டிருந்தார். வங்கியில் ஒரு பெண் அவள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கவுன்டர் ஜன்னலைச் சாத்தினாள். ஒன்பது வருடமாக ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசித்துக்கொண்டிருந்தவளை, பங்குத் தந்தை தனியே கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வேற யாராவது வாசிக்கட்டுமே, சகோதரி. நிறையப் பேர் சங்கடப்படுறாங்க" என்றார். என்ன சங்கடம் என்று கேட்டாள். பேச்சை முடிக்கிற அவசரத்தில் அவர் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

பிலோமினா ஒரு டப்பிங் கலைஞர். ஒரு பெரிய சேனலில் வாரத்துக்கு ஆறு நாள், மாலை ஏழரைக்கு ஓடும் 'கோமகள் இல்லம்' தொடரின் வில்லி மிருணாளினிக்கு அவள்தான் குரல். திரையில் தெரிகிற நடிகை மங்களூர்க்காரி, தமிழ் தெரியாது. உதடு அவளுடையது, குரல் இவளுடையது. தொடருக்கு இது மூன்றாவது வருடம். அந்த நடிகை கடைத் திறப்பு விழாவுக்குப் போனால் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கும். அவளுடைய கொச்சைத் தமிழைக் கேட்டு "எவ்வளவு அழகா பேசுது பாரு" என்பார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பிலோமினா "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொன்னால் பத்துப் பேர் திரும்பி முறைப்பார்கள்.

வீட்டிலும் அதேதான். கணவன் அமல்தாஸ் பஸ் டிப்போவில் மெக்கானிக், சாதுவான மனிதர். சாப்பிடும்போது அவள் பேச ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படிக்குப் போய்விடுவார். "தலை வலிக்குது பிலோ, அப்புறம் பேசலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. மகள் ஜெனிட்டா பதினோராம் வகுப்பு. பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள். அம்மாவிடம் அவள் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்வாள். அவர் இல்லையென்றால் போனில் எழுதி அனுப்புவாள், பக்கத்து அறையிலிருந்தே.

காரணம் பிலோமினாவுக்குத் தற்செயலாகத்தான் பிடிபட்டது. தொண்டையில் தொற்று வந்து ஒரு வாரம் பேச்சே எழவில்லை. டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க உலகம் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது. கீரைக்காரியிடம் விரலை நீட்டிக் காட்டினாள். அவள் நல்ல கட்டாகப் பொறுக்கிக் கொடுத்து, "என்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா? சுக்கு போட்டுக் குடி" என்றாள். அமல்தாஸ் தட்டோடு எழுந்து போகவில்லை. அவள் தோளில் சாய்ந்து டிவி பார்த்தார். ஜெனிட்டா மட்டும் அப்படியே இருந்தாள். சின்னப் பெண், மனம் ஆற நாளாகும் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் குரல் திரும்பியது. "கொத்தமல்லி இருக்காம்மா?" என்று கேட்டாள். கீரைக்காரி பல்லைக் கடித்தாள்.

அன்று மத்தியானமே பிலோமினா உமாபதியைத் தேடிப் போனாள்.

உமாபதி அந்தத் தொடரின் ஒலி வடிவமைப்பாளர். வசனம், இசை, கதவு அடிக்கிற சத்தம், வளையல் குலுங்குகிற சத்தம் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கிற வேலை அவனுடையது. முப்பத்தாறு வயது. வடபழனியில் ஒரு மாடியில் அவன் மிக்ஸிங் அறை இருந்தது. அவள் கதவைத் திறந்து, "உமாபதி, ஒரு நிமிஷம்" என்றதுமே அவன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

"அங்கேயே நில்லுங்க. பேசாதீங்க. எது கேக்கணுமோ எழுதிக் காட்டுங்க."

அப்படியென்றால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. பிலோமினா கைப்பையிலிருந்த வசனத் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்: என் குரலை என்ன செய்தாய்? எழுதுவதற்கு முன்னால் பைக்குள் போனில் ரெக்கார்டரை அழுத்தியிருந்தாள்.

உமாபதி தாளைப் படித்தான்.

"படத்துல பேய் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்றோம்? ஒரு வயலினை இழுக்கறோம். இல்லன்னா எல்லாச் சத்தத்தையும் டக்குனு நிறுத்திடறோம். நீங்க பயப்படுறீங்க. ஆனா வயலின் உங்க காதுல விழுது இல்ல? அதனால, இவன் நம்மள பயமுறுத்தறான்னு உள்ளுக்குள்ள ஒரு புத்தி சொல்லும். படம் முடிஞ்சு வெளிய வந்தா டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவீங்க. இது அப்படி இல்ல. இது காதுல விழாது."

"எது" என்று அவள் எழுதினாள்.

"அடியொலின்னு சொல்றோம். இப்ப வர்ற டிவியில ஸ்பீக்கர் கிடையாது, சுவர் அகலத்துக்கு இருக்கற திரையே அதிருது. காதுக்கு எட்டாத அதிர்வைக்கூட அது குடுக்கும். மிருணாளினி வாயைத் திறக்கிறப்ப மட்டும் அந்த அதிர்வு ஓடும். நெஞ்சுல லேசா ஒரு அழுத்தம், வயித்துல ஒரு பிரட்டல். வில்லி மேல வர்ற கோபம்னு பாக்கறவங்க நினைச்சுப்பாங்க. எழுநூறு எபிசோட் போச்சு. இப்ப அதிர்வே வேணாம், குரல் மட்டும் போதும். உடம்பு பழகிடுச்சு."

பிலோமினாவின் பேனா தாளைக் கிழித்தது. ஏன் என் குரல்? திரையில் தெரிவது அவள் முகம்தானே?

"முதல்ல அதிர்வை அவ முகத்தோடதான் கட்டிப் பார்த்தோம். சரியா வரல. மேக்கப் மாறும், லைட்டு மாறும், ஒரு நாள் கண்ணாடி போட்டுட்டு வருவா. உங்க குரல் மாறவே மாறாது. மூணு வருஷத்துல ஒரு எழுத்துகூடப் பிசகினதில்ல நீங்க. அவ்வளவு சுத்தம்."

அதற்கு மேல் அவளால் எழுத முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. எனக்கும் ஒரு குடும்பம் இருக்கே" என்றாள்.

உமாபதி எழுந்துவிட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. "வெளிய போங்க. தயவு செஞ்சு போயிடுங்க. தினம் எட்டு மணி நேரம் இதைக் கேக்கறவன் நான். மத்தவங்களைவிட எனக்குத்தான் ஜாஸ்தி. நீங்க பேசினா எதையாவது எடுத்து அடிக்கணும் போல இருக்கு."

மறுநாளே அவள் வேலையை விட்டாள். தயாரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. ஒப்பந்தத்தின்படி அவளுடைய குரல் நகல் அவர்களிடம் இருக்கிறது, இனி இயந்திரமே பேசும், வாழ்த்துகள். அதாவது அவள் போனாலும் மிருணாளினி பேசுவாள், அடியொலி ஓடும், ஊர் அவளை வெறுத்துக்கொண்டே இருக்கும்.

பிலோமினா ஒளிபரப்புக் குறைதீர் ஆணையத்துக்கு எழுதினாள். பதினோரு பக்கம். இரண்டு மாதத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எழும்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. மூன்று உறுப்பினர்கள். தலைவர் கமலவேணி, ஓய்வு பெற்ற அதிகாரி, வெள்ளைக் கதர்ப் புடவை. பிலோமினா உள்ளே வந்ததும் அவர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார்.

"உங்க மனுவை ரெண்டு தடவை படிச்சேன். ராத்திரி தூக்கமே வரல. எங்க வீட்டுல அந்த நேரத்துக்கு வேற எதுவும் ஓடாது, தெரியுமா? என் மருமக, நான், வேலை செய்யற பொண்ணு எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். அதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னா அது பெரிய அநியாயம். நீங்க உங்க வாயால சொல்லுங்க. மனுதாரர் நேர்ல சொன்னாத்தான் பதிவு பண்ண முடியும்."

பிலோமினா தயங்கினாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, என் பேரு பிலோமினா அமல்தாஸ். நான் இருபத்திரண்டு வருஷமா..."

கமலவேணியின் முகத்திலிருந்த கனிவு போவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு உதடு. பக்கத்தில் இருந்தவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். மூன்றாமவர் மனுவை ஓரமாகத் தள்ளினார்.

"கொஞ்சம் நிறுத்துங்க. ஏன் இப்படி நடிச்சுப் பேசறீங்க?" என்றார் கமலவேணி.

"நான் நடிக்கலம்மா. இதுதான் என் குரல். இப்ப உங்களுக்குத் தோணுது பாருங்க, அதைத்தான் நான் மனுவுல..."

"எனக்கு என்ன தோணுதுன்னு நீங்க சொல்ல வேண்டாம்!"

அவள் போனிலிருந்த பதிவைப் போட்டுக் காட்டினாள். உமாபதியின் குரல் தெளிவாக ஒலித்தது. கடைசியில் அவளுடைய குரலும் வந்தது. "எனக்கும் ஒரு குடும்பம் இருக்கே" என்று அது கெஞ்சியபோது மூன்றாமவர் மேசையைத் தட்டினார். "ஒரு மனுஷனை மிரட்டிப் பேச வச்சு, அதைத் திருட்டுத்தனமாப் பதிவு பண்ணியிருக்கீங்க. வெட்கமா இல்ல?"

சேனல் தரப்பு சாட்சியாக உமாபதி வந்திருந்தான். அப்படி எந்த அடியொலியும் இல்லை, அந்த அம்மாள் ஆத்திரத்தில் இருந்ததால் சமாதானப்படுத்துவதற்காக ஏதோ சொல்லி வைத்தேன் என்றான். அதை உடனே நம்பினார்கள். மனு தள்ளுபடி செய்யப்பட்டது. பொய்ப் புகார் கொடுத்ததற்காக அவளைக் கண்டித்து ஒரு பத்தியும் எழுதச் சொன்னார் கமலவேணி.

படிக்கட்டில் ஒரு பெண் கோப்புகளோடு நின்றிருந்தாள். பிலோமினா, "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்றாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் ஓங்கி இடித்தாள். பிலோமினா ஆறு படி உருண்டு கீழே விழுந்தாள். இடது மணிக்கட்டு உடைகிற சத்தம் அவளுக்கே கேட்டது. "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்தினாள். கத்தியதுதான் தப்பு. கீழே நின்றிருந்த நான்கைந்து பேரில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அவள் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். ஒரு நிமிடம் கழித்துத்தான் காவலாளி ஓடி வந்து தூக்கினார்.

மூன்றாம் நாள் உமாபதியிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"பதில் அனுப்பாதீங்க, நான் பேசறதை மட்டும் கேளுங்க. நீங்க விழுந்தப்ப நான் மேல் படியில நின்னுட்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து என் பொண்ணுக்குச் சாப்பாடு ஊட்டும்போதுகூட உள்ளுக்குள்ள சிரிப்பு இருந்துச்சு. அப்புறம்தான் தட்டைக் கீழ வச்சுட்டேன். இதை அழிக்க முடியாது. ஆனா மேலயே வேற ஒண்ணு எழுதலாம். நாளையில இருந்து மிருணாளினி பேசும்போது வேற அதிர்வு போடப் போறேன். தாய் மடியில படுத்தா உடம்பு எப்படித் தளருமோ, அந்த மாதிரி. கம்பெனிக்குச் சொல்லல. நாலஞ்சு மாசம் ஆகும்."

முதல் இரண்டு மாதம் ஒன்றும் மாறவில்லை. மூன்றாவது மாதம் சேனலுக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மிருணாளினி பாவம், அவளை யாரும் புரிந்துகொள்ளவில்லை, மூத்த மருமகளான அவளுக்கு நியாயம் வேண்டும். கதை எழுதுகிறவர்கள் குழம்பிப் போய் அவளைத் திருந்த வைத்தார்கள். ஐந்தாவது மாதம் அவள்தான் கதாநாயகி.

கீரைக்காரி இப்போது பிலோமினாவைக் கண்டால் வண்டியை நிறுத்துவாள். "ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போக்கா. உன் குரலைக் கேட்டா மனசு குளிருது." காலில் தண்ணீர் கொட்டியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது அவள் நினைவிலேயே இல்லை. பங்குத் தந்தை வீடு தேடி வந்து வாசகம் வாசிக்கக் கூப்பிட்டார். அவள் வாசித்தபோது முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது பழைய ஏற்பாட்டில் ஓர் இறைவாக்கினர் இருபது அப்பத்தை நூறு பேருக்குப் பரிமாறச் செய்த பகுதி. அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

அமல்தாஸ் சாப்பிட்டு முடித்ததும் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "பிலோ, ஏதாவது பேசேன்" என்பார். அவள் பேசினால் குழந்தை மாதிரி முகம் தளரும். அவளுக்கு உடம்பு கூசும். ஒரு நாள் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள்: அடியொலி, உமாபதி, முதலில் போட்டது, இப்போது போடுவது. "நீங்க என்மேல வச்சிருக்கறது அன்பில்ல. டிவி குடுக்கறது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "எது குடுத்தா என்ன? நல்லாத்தானே இருக்கு? இன்னும் கொஞ்சம் பேசு."

அவள் எழுந்து வெளியே போனாள். அன்று முதல் அவளுக்குள் ஒரு கசப்பு ஊறியது. முன்பு எல்லோரும் அவளை வெறுத்தார்கள். இப்போது அவள் எல்லோரையும் வெறுத்தாள். கீரைக்காரியின் இளிப்பை, பாதிரியாரின் பணிவை, புருஷனின் மூடிய கண்ணை.

ஜெனிட்டா மட்டும் மாறவே இல்லை. இன்னும் பேசுவதில்லை. தட்டை வைத்தால் டங்கென்று இழுத்துக்கொள்வாள். ஊரே உருகுகிறது, இவளுக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிலோமினா அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஜெனி, உனக்கு என்மேல வர்ற வெறுப்பு உன்னோடது இல்லடி. அது அந்தச் சீரியல் பண்ணின வேலை. எல்லாருக்கும் சரியாயிடுச்சு. உனக்கும் சரியாயிடும்."

ஜெனிட்டா முழங்காலுக்குப் போட்டிருந்த பட்டையைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அம்மாவிடம் வாய் திறந்தாள்.

"நான் அந்தச் சீரியலை ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல. ஏழரைக்கு நான் கிரவுண்டுல இருப்பேன். அப்பெல்லாம் நீ ஸ்டுடியோவுல இருந்து ஒன்பது மணிக்கு வருவ, உனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்."

"அப்ப எதுக்குடி..."

"எங்க கோச் பாக்யநாதன் சார் கேட்டாரு. ஸ்டேட் கேம்ப்புக்கு செலக்ட் ஆயும் ஏம்மா நீ வேணாம்னு சொன்னன்னு. நான் எப்ப சார் சொன்னேன்னு கேட்டேன். நீதானே போன்ல பேசினே, உன் குரல் எனக்குத் தெரியாதான்னாரு." அவள் குரல் நடுங்கவில்லை. "என் குரல்ல நீதானே பேசின?"

 பிலோமினாவுக்கு அது மறந்துபோனது என்று சொல்ல முடியாது. அதை எடுத்துப் பார்க்காமலே இத்தனை நாள் இருந்துவிட்டாள். நாகர்கோவிலில் இரண்டு மாத முகாம். பெண் பிள்ளை தனியாக அவ்வளவு தூரம். அமல்தாஸிடம் கேட்டால் சரி என்றிருப்பார். போனை எடுத்தாள், மகளின் குரலைத் தொண்டையில் வைத்தாள். அவளுக்கு அது ஒரு நிமிட வேலை.

"பயமா இருந்துச்சு ஜெனி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். தோத்திருந்தாலும் அது என் வாயால நடந்திருக்கும்."

பிலோமினா அப்போதே பாக்யநாதனைக் கூப்பிட்டாள். ஜெனிட்டாவுக்குக் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள். "சார், நான் ஜெனிட்டாவோட அம்மா. அவ கேம்ப்புக்கு வரமாட்டேன்னு சொன்னது அவ இல்ல. நான்தான் அவளை மாதிரிப் பேசினேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு குழைந்த குரல். "அம்மா, உங்க பேச்சைக் கேட்டாலே எவ்வளவு நல்ல மனசுன்னு தெரியுது. பொண்ணு பண்ணின தப்பை நீங்க ஏத்துக்கறீங்க. தாய்னா இதுதான். எங்க வீட்டம்மாகிட்ட சொன்னா அழுதுருவா."

"இல்ல சார், உண்மையிலேயே நான்தான்..."

"விடுங்கம்மா. நீங்க போய் அப்படிச் செய்வீங்களா?"

ஜெனிட்டா கையை நீட்டிப் போனை அணைத்தாள். "பார்த்தியா? இப்ப நீ கொலை பண்ணேன்னு சொன்னாக்கூட உன்னைக் கும்பிடுவாங்க. நான்தான் பொய்க்காரி."

 பிலோமினா மகளின் மேசையிலிருந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். குரல் இல்லாமல், வெறும் எழுத்தில். பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் வாலிபால் பயிற்சியாளருக்கும் என்று ஆரம்பித்து, தன் பெயர், தொழில், தான் செய்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அரை மணி நேரமானது. தாளை நீட்டினாள்.

ஜெனிட்டா நின்றபடியே படித்தாள். பாதியில் விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

"ஒரு முறை போன் செய்தேன்னு எழுதியிருக்க. சார் மூணு தடவைன்னு சொன்னாரு."

பிலோமினாவுக்கு முகம் எரிந்தது. தாளைத் திரும்ப வாங்கி, 'ஒரு முறை' என்பதை அடித்துவிட்டு, 'மூன்று முறை' என்று எழுதினாள்.

"மூணு தடவையும் நீ என்னென்ன சொன்னன்னு எழுது" என்றாள் ஜெனிட்டா. நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.